வீடு ஒன்று, சாளரம் பல
கணினி வரைபடத்தில் தாளும் அளவும்

பெங்களூரில் குடியிருக்கும் தமிழர்களுக்கு 'லேஅவுட்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. நம்மில் பலருடைய விலாசத்திலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓசூர் – சர்ஜாபூர் ரோடு என்பதன் முதலெழுத்துகள் எச்.எஸ்.ஆர். லேஅவுட் ஆயின. பைரசந்திரா, தாவரகெரே, மடிவாளா என்ற மூன்று ஊர்ப்பெயர்கள் சுருங்கி பி.டி.எம். லேஅவுட் ஆயிற்று. வெறும் நிலத்தை ரோடு, பூங்கா, சைட் என்று பிரித்து ஒழுங்கு செய்வதே இங்கே லேஅவுட். கணினியில் கட்டட வரைபடம் போடும் நம் பிள்ளைகளும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அங்கே ஒழுங்கு செய்யப்படுவது நிலம் அல்ல, அச்சடிக்கும் தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பொறியாளன் அல்லன். டைல்ஸும் குழாய்ச் சாமான்களும் விற்கும் வியாபாரி. கடைக்கு வருகிறவர்கள் வரைபடத்தை மேசைமேல் விரித்து, "இதுக்கு எத்தனை பெட்டி டைல்ஸ் ஆகும்னு பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். அப்படி முப்பது வருஷமாக வரைபடம் பார்த்தவன். ஆனாலும் அதை முறையாகப் படிக்க வேண்டும் என்ற புத்தி, என் சொந்த வீட்டில் ஒரு சுவரை இடித்த பிறகுதான் வந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இடித்த சுவர்

எங்கள் வீடு 30க்கு 40 சைட்டில் கட்டப்பட்டது. என் தாயாருக்குச் சக்கர நாற்காலி இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தபோது, கீழ்த்தளத்தில் அவருக்கென்று ஓர் அறையும் அதை ஒட்டிய குளியலறையும் வேண்டும் என்று வரையச் சொன்னேன். சக்கர நாற்காலி ஒரு சுற்றுச் சுற்ற ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும் என்பது விதி. கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று, குளியலறையின் உள் அகலம் 1.70 மீட்டர் என்று முடிவு செய்தோம்.

வரைபடம் கணினியில் சரியாகவே இருந்தது. 1:100 விகிதத்தில் ஏ3 தாளுக்கென்று தயாரித்து, பிடிஎஃப் கோப்பாக எனக்கு அனுப்பியிருந்தார்கள். நான் அதை ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். ஏ3 தாள் தீர்ந்துவிட்டது என்று ஏ4 தாளில் போட்டுக் கொடுத்தார்கள். படம் முழுசாக, அழகாக, விளிம்பு வெட்டுப்படாமல் வந்திருந்தது. ஓரத்தில் '1:100' என்று அச்சாகியும் இருந்தது. அதை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு நான் கடைக்குப் போய்விட்டேன்.

வெளிச் சுவர்களுக்கெல்லாம் அளவு எழுதியிருந்தது. அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் வரும் நாலரை இஞ்ச் சுவருக்கு மட்டும் எழுத விட்டுப்போயிருந்தது. மேஸ்திரி அனுபவசாலி. பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துத் தாளில் வைத்துப் பார்த்தார். 12 மில்லிமீட்டர். நூறால் பெருக்கினால் 1.20 மீட்டர். நூல் கட்டிச் சுவரை எழுப்பிவிட்டார்.

நான்கு நாள் கழித்துச் சக்கர நாற்காலியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்ளே போன நாற்காலி திரும்பவில்லை.

"மொதலாளி, நான் கண்ணால பார்த்துக் கட்டல. ஸ்கேல் வெச்சுத்தான் கட்டுனேன். நீங்களே பாருங்க" என்று மேஸ்திரி தாளை நீட்டினார். அவர் சொன்னது சத்தியம். ஸ்கேல் பொய் சொல்லவில்லை, கணினியும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த தாள்தான் பொய் சொல்லியது.

தாள் எப்படிப் பொய் சொல்லும்?

ஏ வரிசைத் தாள்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. 1922இல் ஜெர்மனியில் தரப்படுத்தப்பட்ட முறை இது. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நடுவில் பாதியாக வெட்டினால் ஏ1, அதைப் பாதியாக்கினால் ஏ2, இப்படியே ஏ3, ஏ4 என்று போகும். ஏ3 என்பது 297க்கு 420 மில்லிமீட்டர். ஏ4 என்பது 210க்கு 297. எத்தனை தரம் பாதியாக்கினாலும் நீள அகல விகிதம் மாறாது.

வசதியும் ஆபத்தும் இதே குணத்தில்தான் இருக்கின்றன. ஏ3 படத்தை ஏ4 தாளில் அடக்கினால் கோணலாகாது, ஒரு பக்கம் வெட்டுப்படாது. அதனால் பார்க்கிறவர் கண்ணுக்குச் சந்தேகமே வராது. ஆனால் பரப்பு பாதியாகும்போது, நீளம் ஏறத்தாழ 71 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. 17 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய கோடு 12 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. தாளின் மெய்யான விகிதம் 1:141. ஓரத்தில் அச்சாகியிருந்த 1:100 என்ற எழுத்து மட்டும் மாறவில்லை. அதை நம்பித்தான் மேஸ்திரி அரை மீட்டரை இழந்தார்.

சுவரை இடித்து மறுபடி கட்டினோம். தாயார் இரண்டு வாரம் தாமதமாகத்தான் குடிவந்தார். "போகட்டும்பா, செங்கல்தானே" என்று அவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. தங்கையின் பேரன் டிப்ளமோ படித்து ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வரைகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரையும் இடம் வேறு, தாள் வேறு

கணினிக்கு முன்னால், வரைபலகையில் டீ ஸ்கொயர் வைத்து வரைந்த காலத்தில், முதல் கோடு போடுவதற்கு முன்பே விகிதத்தை முடிவு செய்தாக வேண்டும். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. போன்ற தொழிற்சாலைகளில் வரைவாளராக இருந்த நம்மவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தாளின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே படமும் முடிய வேண்டும். விகிதத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஆட்டோகேட் என்ற மென்பொருள் 1982இல் வந்தது. அதன் திரைக்கு விளிம்பு கிடையாது. 12 மீட்டர் நீள வீட்டை 12 மீட்டராகவே, சுருக்காமல் வரையலாம். இந்த இடத்துக்கு 'மாடல்' என்று பெயர். ஆனால் அச்சடிக்கும்போது பழைய கஷ்டம் திரும்ப வந்தது. ஒரே தாளில் வீட்டை ஒரு விகிதத்திலும் படிக்கட்டை வேறு விகிதத்திலும் காட்ட வேண்டுமானால், படிக்கட்டைப் பிரதி எடுத்து, ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது. அப்படிப் பெரிதாக்கிய படிக்கட்டுக்கு மெய்யான அளவு போய்விடும். மூலத்தில் ஒரு படி கூடினாலும் பிரதியில் கூடாது.

1990இல் வெளிவந்த பதினோராம் பதிப்பில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். வரையும் இடத்திலிருந்து தாளைப் பிரித்துவிட்டார்கள். தாளுக்கென்று தனி இடம். அந்தத் தாளில் ஜன்னல்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மாடலில் இருக்கும் வீடு தெரியும். அந்த ஜன்னலுக்குத்தான் 'வியூபோர்ட்' என்று பெயர். 1999இல் வந்த ஆட்டோகேட் 2000 பதிப்பிலிருந்து, ஒரே கோப்பில் பல தாள்களை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. அந்தத் தாள்களே லேஅவுட்கள்.

ஜன்னலுக்குப் பழந்தமிழில் காலதர் என்றொரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இந்தக் கட்டுரையில் எளிமைக்காகச் சாளரம் என்று சொல்கிறேன்.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பொருளை அதன் மெய்யான அளவில் ஒரே தரம் வரைய வேண்டும். தாளுக்காகப் பொருளைச் சுருக்கக் கூடாது. சுருக்கிக் காட்டுவது சாளரத்தின் வேலை.

எந்தக் கோலால் அளந்தோம்?

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு வருகிறது. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். ஆனால் இளங்கோவடிகள் இந்த எண்களைச் சொல்வதற்கு முன்னால், கோல் என்பது இருபத்துநான்கு விரல் என்று சொல்லிவிடுகிறார். முதலில் அலகு, பிறகுதான் அளவு. கணினியிலும் இதே ஒழுங்குதான்.

மாடலில் '12' என்று அடித்தால் கணினிக்கு அது வெறும் 12. அது மீட்டரா, அடியா, இஞ்சா என்பது வரைகிறவர் மனசில் இருக்கிறது. தாளோ எப்போதும் மில்லிமீட்டரில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1:100 விகிதத்துக்குச் சாளரத்தில் கொடுக்க வேண்டிய எண், வரைந்த அலகைப் பொறுத்து மாறும்.

மில்லிமீட்டரில் வரைந்திருந்தால் 0.01. மீட்டரில் வரைந்திருந்தால், ஒரு மீட்டர் தாளில் 10 மில்லிமீட்டராகத் தெரிய வேண்டும், ஆகவே 10. இஞ்சில் வரைந்திருந்தால் 0.254. ஜூம் கட்டளை கொடுத்து இந்த எண்ணோடு 'எக்ஸ்பி' என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து அடித்தால், சாளரம் அந்த விகிதத்துக்கு வந்துவிடும்.

திரையின் கீழ்மூலையில் விகிதப் பட்டியல் இருக்கிறதே, அதில் 1:100ஐத் தேர்ந்தெடுத்தால் போதாதா என்று கேட்கலாம். மில்லிமீட்டரில் வரைந்தவர்களுக்குப் போதும். மீட்டரில் வரைந்தவர் அதைத் தொட்டால் 12 மீட்டர் வீடு 0.12 மில்லிமீட்டராகச் சுருங்கி, புள்ளியாகிக் காணாமல் போய்விடும். "தாத்தா, வீட்டைக் காணோம்னு பயப்படாதீங்க, அலகு தப்புன்னு அர்த்தம்" என்று என் பேரன் சிரித்தான்.

தாளில் அடங்குமா?

அடுத்தது தாளும் விகிதமும் தேர்ந்தெடுப்பது. இதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உருவத்தை எடுத்துக்கொள்வோம். அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடியிருந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைப் பார்க்கும்போதெல்லாம், குமரிமுனையில் கணபதி ஸ்தபதியார் வடிவமைத்து 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட பெரிய சிலை நினைவுக்கு வரும். பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஆக மொத்தம் அதிகாரத்துக்கு ஓர் அடியாக 133 அடி.

133 அடி என்றால் சுமார் 40.5 மீட்டர். 1:100இல் 405 மில்லிமீட்டர். ஏ3 தாளின் நீளப் பக்கம் 420. அடங்கும், ஆனால் விளிம்புக்கும் பெயர்க் கட்டத்துக்கும் இடமிருக்காது. 1:200 என்று வைத்தால் உயரம் 203 மில்லிமீட்டர். தாளைப் படுக்கைவாக்கில் வைத்தாலே தாராளமாக நிற்கும், பக்கத்தில் நிறைய இடமும் மிஞ்சும். மிஞ்சிய இடத்தில் இன்னொரு சாளரம் திறந்து, மூன்று விரல் காட்டும் வலக்கையை மட்டும் 1:20இல் பெரிதாகக் காட்டலாம். கையைத் தனியாக இன்னொரு தரம் வரைய வேண்டியதில்லை. இரண்டு சாளரத்திலும் தெரிவது ஒரே சிலை.

வீட்டுக்கும் இதே கணக்குத்தான். 9 மீட்டருக்கு 12 மீட்டர் சைட் 1:100இல் 90க்கு 120 மில்லிமீட்டர். ஏ3இல் கீழ்த்தளத்தையும் மாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். 1:50 என்றால் 180க்கு 240. ஒரு தளம்தான் வசதியாக நிற்கும். என் வீட்டுக்கு இரண்டாம் தரம் வரைந்தபோது, தளம் முழுவதையும் 1:100இலும் தாயாரின் குளியலறையை மட்டும் 1:20இலும் வைத்தோம். 1.70 மீட்டர் இப்போது தாளில் 85 மில்லிமீட்டர். அளவு எழுத இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

படிப்படியாக

கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மாடலில் வீட்டை மெய்யளவில் வரைந்து முடிக்கவும். பிறகு திரையின் அடியில் உள்ள லேஅவுட் என்ற தாவலைச் சொடுக்கவும். வலது பொத்தானை அழுத்தி, பக்க அமைப்பில் தாள் ஏ3 என்றும், படுக்கைவாக்கு என்றும், அச்சு விகிதம் 1:1 என்றும் கொடுக்கவும். இந்த 1:1ஐக் கண்டு பலர் குழம்புகிறார்கள். தாள் தாளின் அளவிலேயே அச்சாக வேண்டும், சுருக்கும் வேலை சாளரத்துக்குள் நடக்கும் என்பதுதான் இதன் பொருள்.

அடுத்து, பெயர்க் கட்டத்தைத் தாளில் வைக்கவும். எம்வியூ என்ற கட்டளையால் சாளரத்தை வரையவும். சாளரத்துக்குள் இரண்டு தரம் சொடுக்கினால் மாடலுக்குள் போய்விடுவோம். வீட்டை நடுவில் கொண்டுவந்து விகிதத்தைக் கொடுக்கவும். வெளியே இரண்டு தரம் சொடுக்கினால் தாளுக்குத் திரும்பிவிடலாம்.

இப்போது சாளரத்தைப் பூட்ட வேண்டும். இது மறக்கவே கூடாத படி. பூட்டாமல் விட்டால், பிறகு யாராவது உள்ளே போய் சக்கரத்தை உருட்டினால் விகிதம் சத்தமில்லாமல் மாறிவிடும். சாளரத்தின் பண்புகளில் 'டிஸ்ப்ளே லாக்டு' என்ற இடத்தில் 'எஸ்' என்று கொடுத்தால் பூட்டியாயிற்று. சாளரத்தின் சட்டத்தை அச்சில் வராத அடுக்கில் வைத்துவிட்டால் தாளில் வீண் கோடு விழாது.

எழுத்தின் அளவையும் கவனிக்க வேண்டும். தாளில் எழுத்து இரண்டரை மில்லிமீட்டர் உயரம் வர வேண்டுமானால், 1:100 சாளரத்துக்கு மாடலில் 250 மில்லிமீட்டராகவும், 1:20 சாளரத்துக்கு 50 மில்லிமீட்டராகவும் எழுத வேண்டும். 2007இல் வந்த ஆட்டோகேட் 2008 பதிப்பிலிருந்து, சாளரத்துக்கு ஏற்பத் தானே அளவு மாறிக்கொள்ளும் எழுத்து வசதியும் இருக்கிறது.

ஒரே வீடு, நாலு பேர் வேலை

பெங்களூரில் ஒரு வீட்டு வேலையைப் பாருங்கள். தர்மபுரிப் பக்கத்து மேஸ்திரி, கன்னடம் பேசும் பிளம்பர், மின்வேலைக்கு இன்னொருவர், டைல்ஸ் ஒட்ட வடக்கேயிருந்து வந்த பையன்கள். இவர்களுக்குப் பொதுவான பாஷை வரைபடம் ஒன்றுதான். ஆனால் எல்லாக் கோட்டையும் ஒரே தாளில் போட்டால் யாருக்கும் புரியாது.

இதற்குத்தான் அடுக்குகள். சுவர் ஓர் அடுக்கு, குழாய் ஓர் அடுக்கு, மின்கம்பி ஓர் அடுக்கு. ஒவ்வொரு சாளரத்திலும் வேண்டாத அடுக்கை மட்டும் உறையவைத்து மறைக்கலாம். மற்றச் சாளரங்களில் அது அப்படியே தெரியும். பிளம்பருக்கு ஒரு லேஅவுட். அதில் சுவரும் குழாயும். மின்வேலைக்காரருக்கு இன்னொன்று. மாடலில் சுவரை அரை அடி நகர்த்தினால், எல்லாத் தாளிலும் ஒரே நேரத்தில் நகர்ந்துவிடும். ஆளுக்கொரு பிரதியாக வரைந்தால், ஒருவர் தாளில் சுவர் நகர்ந்திருக்கும், இன்னொருவர் தாளில் பழைய இடத்திலேயே நிற்கும். குழாய் வருகிற இடத்தில் கதவு வந்து நிற்பது அப்படித்தான்.

பிரிக்ஸ்கேட் மென்பொருளிலும் இதே லேஅவுட், இதே வியூபோர்ட். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடில் டெக்டிரா என்ற பகுதியில் பக்கம், காட்சி என்று பெயர் மாறுகிறது. தத்துவம் ஒன்றுதான்.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது

நம்மில் எல்லோரும் வரையப் போவதில்லை. ஆனால் ஊரைவிட்டு வந்து, வருஷக்கணக்காகச் சேர்த்த பணத்தில் வீடு கட்டும் எல்லோர் கைக்கும் வரைபடம் வரும். அவர்களுக்கு நான் சொல்வது நான்கே விஷயம்.

ஒன்று, அச்சடிக்கக் கொடுக்கும்போது 'ஃபிட்' வேண்டாம், 'ஆக்சுவல் சைஸ்' போடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தாளின் அளவையும் கேளுங்கள்.

இரண்டு, வரைபடத்தில் ஓர் அளவுக்கோட்டுப் பட்டையும் வரையச் சொல்லுங்கள். 0, 1, 2, 3 மீட்டர் என்று பிரித்த பட்டை. தாள் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கும். 1:100 என்ற எழுத்தைப்போல ஏமாற்றாது.

மூன்று, மேஸ்திரியிடம் எழுதிய அளவை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதாத இடத்தில் ஸ்கேல் வைக்காமல், வரைந்தவருக்குப் போன் போட்டுக் கேட்கட்டும். ஒரு போன் செலவு, ஒரு சுவரின் செலவைவிடக் குறைவு.

நான்கு, தாள் கைக்கு வந்ததும் அளவு எழுதியிருக்கும் ஏதாவது ஒரு சுவரை நீங்களே ஸ்கேலால் அளந்து பாருங்கள். 1:100 தாளில் 9 மீட்டர் சுவர் 90 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 64தான் இருக்கிறது என்றால், அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு தாள் வாங்குங்கள்.

இந்த நாலாவது வேலைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அன்றைக்கு நான் அதைச் செய்திருந்தால், என் தாயார் இரண்டு வாரம் முன்னதாகவே அந்த அறைக்குக் குடிவந்திருப்பார். இப்போது என் கடை மேசையில் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கிறது. யார் வரைபடத்தை விரித்தாலும், டைல்ஸ் கணக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு சுவரை அளந்துவிட்டுத்தான் பேசுகிறேன்.